நம்ம ஊரு குளிர்ல கோழிக்கு ஏது சூடுன்னு நெனைக்காதீங்க

மலைநாட்டுல ப்ரொய்லர் வளக்குற யாருகிட்ட போயி வெயிலுக்கு கோழி சாகும்னு சொன்னாலும் ஒரு மாதிரி தான் பாப்பாங்க. ராத்திரி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு படுக்குற ஊர்ல கோழிக்கு என்ன சூடு, அதெல்லாம் புத்தளம், குருணாகல் மாதிரி தாழ்நாட்டுக் கதைன்னு தான் நானும் நெனச்சேன். 47 கோழி ஒரே மத்தியானத்துல போனதுக்கப்புறம் தான் புரிஞ்சிச்சு, நம்ம ஊர்ல கோழிய கொல்றது வெயில் இல்ல, குளிருக்குன்னு கூட்டச் சுத்தி நாம கட்டி விட்ட படங்கு, அதாவது தார்ப்பாய் மறைப்பு.

நான் பசறை ரோட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன், நாங்க குடியிருக்குற லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால 300 கோழி போடுற அளவு கூடு. அன்னைக்கு மார்ச் கடைசி, சித்திரை வருஷத்துக்கு விக்கணும்னு வளத்த கோழி, 34 நாள், ஒண்ணு ஒண்ணும் 2 கிலோ வந்திருந்திச்சு. காலையில நல்ல பனி, கூட்டுக்குள்ள குளிர் அடிக்கக் கூடாதுன்னு நாலு பக்கமும் படங்க எறக்கி கட்டினது கட்டினபடியே வச்சிட்டு, வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போயிட்டேன். 9 மணிக்கெல்லாம் பனி விலகி சுள்ளுன்னு வெயில் ஏறிச்சு, மலையில நின்னு கொழுந்து எடுக்குற எனக்கே முதுகு எரிஞ்சிச்சு, ஆனா கூடு ஞாபகத்துக்கே வரல. மத்தியானம் கொழுந்து நிறுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். வழமையா நான் படியேறும்போதே கோழிச் சத்தம் கேக்கும், அன்னைக்கு சத்தமே இல்ல. படங்க தூக்கினதும் மொகத்துல அடிச்ச ஆவி இன்னும் மறக்கல, கொதிக்கிற சோத்துப் பானை மூடிய தெறந்த மாதிரி. செத்ததெல்லாம் பெரிய கோழி, நல்லா எடை போட்டது, கால நீட்டிக்கிட்டு கெடந்திச்சு. நோஞ்சான் கோழியெல்லாம் தப்பிச்சிடுச்சு. அதுக்கப்புறம் மிருக வைத்தியர்கிட்ட கேட்டு, மத்தவங்க கூடுகளையும் போயி பாத்து, நானும் செஞ்சு பாத்து தெரிஞ்சுக்கிட்டத தான் எழுதுறேன், வேற யாருக்கும் அந்த மத்தியானம் வந்துடக் கூடாது.

மொதல்ல கோழியோட ஒடம்ப புரிஞ்சுக்கணும். கோழி ஒடம்பு சூடே 41, 42 டிகிரி, நமக்கு காய்ச்சல் அடிச்சா கூட அவ்வளவு வராது. அதுக்கு வேர்வையும் கெடையாது, வேர்க்குற மாதிரி ஒடம்பே இல்ல, மேல இறகுப் போர்வை வேற. வளந்த ப்ரொய்லருக்கு 18ல இருந்து 24 டிகிரி வரைக்கும் தான் சொகமா இருக்கும். அதுக்கு மேல ஏற ஏற செறக ஒடம்புல இருந்து விலக்கி காத்து வாங்கப் பாக்கும், அதுவும் பத்தலன்னா வாயத் தெறந்து மூச்சு வாங்கி தொண்டையில இருக்குற ஈரத்த ஆவியாக்கி சூட்ட வெளியேத்தும். அது அவ்வளவு வேகமா மூச்சு வாங்குறதுல ரத்தத்துல இருக்குற கரியமில வாயு அளவுக்கு மேல வெளிய போயி ரத்தம் காரத்தன்மை ஆயிடும், பொட்டாசியம் மாதிரி உப்புச்சத்தும் கூடவே போகுது, கோழி தளந்து போறது அதனால தான். 30 டிகிரிக்கு மேல தீனி திங்கிறது நல்லா கொறையும், 35 தாண்டினா பெரிய கோழிக்கு உயிர் ஆபத்து. காப் 500, ரொஸ் 308 மாதிரி இப்ப வர்ற கோழியெல்லாம் 35 நாள்ல 2 கிலோ வளர்றதுக்குன்னே உருவாக்கினது, தின்னத எல்லாம் எறைச்சியா மாத்துற வேலையிலயே உள்ளுக்குள்ள சூடு கெளம்பும், நாட்டுக்கோழி தாங்குறத அது தாங்காது.

நம்ம ஊர்ல இன்னொரு சங்கடம் இருக்கு. நாளெல்லாம் 30 டிகிரி இருக்குற ஊர்ல கோழி கொஞ்சம் கொஞ்சமா பழகிடும். இங்க ராத்திரி 14, 15, மத்தியானம் கூட்டுக்குள்ள 34, 35, இந்த ஏத்த எறக்கத்துல பழகுறதுக்கு கோழிக்கு நேரமே கெடைக்காது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் வெளிய 22 டிகிரி தானேன்னு நீங்க சொல்லலாம், ஆனா தகரத்துக்கு அடியில, படங்கு மூடி, 300 கோழி மூச்சு விட்டுக்கிட்டு, கீழ உமி நொதிச்சுக்கிட்டு இருக்குற கூட்டுக்குள்ள 22 இருக்காது. நான் ஒரு தேர்மாமீட்டர் வாங்கி கோழி மட்டத்துல, அதாவது தரையில இருந்து ஒரு அடி ஒசரத்துல கட்டி விட்டேன். வெளிய 27 இருந்த ஒரு நாள் மூடின கூட்டுக்குள்ள 36 காட்டிச்சு. எல்லாத்துக்கும் முன்னாடி நீங்களும் ஒண்ண வாங்கி கட்டுங்க, நம்ம ஆள் ஒசரத்துல சொவத்துல மாட்டாதீங்க, கோழி நம்ம ஒசரத்துல நின்னு மூச்சு விடல.

சூடு எப்ப வருங்குறதும் எடத்துக்கு எடம் மாறும். ஹட்டன், மஸ்கெலியா, நாவலப்பிட்டி பக்கம் பெப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் தான் பயம், மே கடைசியில தென்மேற்கு மழை வந்துட்டா ஆறிடும். பதுளை, பசறை இருக்குற ஊவாப் பக்கம் எங்களுக்கு அது மட்டும் இல்ல, அங்க மழை பெய்யுற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல எங்களுக்கு இங்க கச்சான் காத்து காஞ்சு அடிக்கும், அந்த மாசங்கள்லயும் கவனமா இருக்கணும். பதுளை, பசறை, மாத்தளை மாதிரி எறக்கத்துல இருக்குறவங்களுக்கு சூடு கூட, மேல போகப் போக குளிருக்குப் பயந்து மூடுறது கூட, ரெண்டுக்கும் முடிவு ஒண்ணு தான்.

இப்ப படங்குக்கு வர்றேன், நான் சொல்ல வந்ததுல முக்கியம் இது தான். நம்மல்ல முக்காவாசிப் பேர் படங்க மேல கட்டி கீழ தொங்க விடுறோம், தெறக்கணும்னா கீழ இருந்து சுருட்டுறோம். அப்படி செஞ்சா கீழ தெறந்த எடத்துல குளிர் காத்து நேரா கோழி மேல அடிக்கும், மேல தேங்கி நிக்கிற சூடும் அமோனியா நாத்தமும் போக வழி இல்ல. அத தலைகீழா மாத்துங்க. படங்கோட அடி ஓரத்த அரைச் சொவரோட சேத்து ஆணி அடிச்சிடுங்க, மேல் ஓரத்துல ஒரு மூங்கில் இல்லன்னா பைப்ப கோத்து, கயிறு போட்டு மேலயும் கீழயும் இழுக்குற மாதிரி கட்டுங்க. அப்ப தெறக்கும்போது மேல இருந்து தான் தெறக்கும், ராத்திரி எவ்வளவு குளிரா இருந்தாலும் மேல முக்கா அடி, ஒரு அடி தெறந்தே இருக்கட்டும், கோழிக்கு குளிர் அடிக்காது, கெட்ட காத்து மட்டும் போயிடும். குஞ்சு வந்த மொத 2 கெழம கொஞ்சம் கூட மூடலாம், அதுங்களுக்கு மொத கெழம 32, 33 டிகிரி வேணும், பொறவு கெழமைக்கு 3 டிகிரி அளவுல கொறைச்சுக்கிட்டு வரணும். ஆனா அப்பவும் முழுசா அடைக்காதீங்க. உயரமான எடத்துல காத்துல ஒக்சிஜன் கொறவு, குளிரும் சேர்ந்தா கோழியோட நெஞ்சுக்கு வேல அதிகம், அதனால தான் நம்ம பக்கம் வயித்துல தண்ணி கோத்து சாகுற கோழி கூட. மூடி மூடி வச்சா அது இன்னும் கூடும்.

கொழுந்துக்குப் போறவங்க தான் இதுல மாட்டிக்கிறது, நானும் அப்படித்தான் மாட்டினேன். காலையில 7 மணிக்கு வீட்ட விட்டு எறங்கும்போது பனி, அந்த நேரத்து குளிர வச்சு படங்க முடிவு பண்ணிட்டுப் போயிடுறோம், ஆனா கூடு வேகுறது 10 மணிக்கு. அதனால நான் இப்ப வெள்ளனவே படங்க மேல இருந்து பாதி எறக்கி தெறந்துட்டுத் தான் போறது. வீட்டுல இருக்குற அத்தைகிட்ட சொல்லி வச்சிருக்கேன், லயத்து முத்தத்துல வெயில் வந்து விழுந்தா போயி மிச்சத்தையும் எறக்கிடணும்னு. அவங்களுக்கு தேர்மாமீட்டர் பாக்கத் தெரியாது, ஆனா வெயில் முத்தத்துல விழுறது தெரியும், ஒரு நாளும் தவற விட்டதில்ல. வீட்டுல யாருமே இல்லன்னா பக்கத்து வீட்டு புள்ளைகிட்டயாவது சொல்லி வைங்க, அதுவும் முடியலன்னா பெப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் பெரிய கோழி இருக்குற நாள்ல காலையிலேயே முழுசா தெறந்துட்டுப் போங்க. 25 நாள் தாண்டின கோழி இறகு மொளச்சு நிக்கிது, ரெண்டு மணித்தியாலக் குளிர தாங்கிக்கும், வேகுற சூட்ட தாங்காது.

மத்தியானம் இன்னொரு தப்பு நடக்கும். சித்திரை மாசத்துல காலையெல்லாம் வெயில் காஞ்சிட்டு 2, 3 மணிக்கு இடியோட மழை கொட்டும்ல, அப்ப ஓடிப் போயி சாரல் அடிக்குதுன்னு படங்க முழுசா ஏத்திடுவோம். தகரம் இன்னும் சூடா இருக்கும், கோழி மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும், காத்துல ஈரம் வேற ஏறிடும். காத்துல ஈரம் கூடினா கோழி தொண்டையில இருந்து ஈரம் ஆவியாகாது, அதாவது அதுக்கு இருந்த ஒரே வழியும் அடைஞ்சிடும். காஞ்ச 32 டிகிரிய விட ஈரமான 30 டிகிரி மோசம். சாரல் அடிக்கிற ஒரு பக்கத்த மட்டும் ஏத்துங்க, மத்த பக்கம் தெறந்தே இருக்கட்டும். கூரைய 3 அடி வெளிய நீட்டி எறக்கினா பாதி நாள் படங்கத் தொடவே வேண்டியதில்ல, இப்ப புதுசா கூடு கட்டுறவங்க தகரத்துல சல்லி மிச்சம் புடிக்கிறேன்னு அந்த 3 அடிய வெட்டிடாதீங்க.

கூடு கட்டுற எடம். மலையில சமதரை ஏது, மண்ண வெட்டித் தான் எடம் எடுக்குறோம், அதனால ஒரு பக்கம் எப்பவும் மண் மேடு சொவர் மாதிரி நிக்கும். மேட்டுக்கும் கூட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் தாராளமா நடந்து போற அளவு, 5, 6 அடி விடுங்க, இல்லன்னா அந்தப் பக்கம் காத்தே வராது, மழைக்கு மண் சரிஞ்சாலும் கூட்டு மேல தான் விழும். நீளப் பக்கம் கெழக்கு மேற்கா இருந்தா காலை வெயிலும் சாயங்கால வெயிலும் உள்ள நேரா விழாது, ஆனா மலைச் சரிவு அதுக்கு எடம் குடுக்காட்டி மேற்குப் பக்கம் பந்தல் போட்டு சௌசௌ கொடிய ஏத்தி விடுங்க, நெழலுக்கு நெழலும் ஆச்சு கறிக்கு கறியும் ஆச்சு. பந்தல் கூரை ஒசரத்துல இருக்கணும், கொடி கீழ தொங்கி காத்த மறைச்சா வெட்டி விடணும். கூட்டுக்கு ஒட்டி இருக்குற சவுக்கு மரத்த வெட்டாதீங்க, அடிக்கொப்ப மட்டும் கழிச்சு விடுங்க, மேல நெழல், கீழ காத்து.

தகரம் தான் சூட்டோட வாசல். தென்ன ஓலை நம்ம பக்கம் வெலை, ஆனா மானாப்புல் இருக்கு. காஞ்ச மானாப்புல்ல அரை அடி தடிப்புல தகரத்து மேல பரப்பி, காத்துக்குப் பறக்காம கம்பியால குறுக்க கட்டி விட்டேன், மத்தியானம் கூட்டுக்குள்ள 3, 4 டிகிரி கொறைஞ்சிச்சு, இதுக்கு சல்லி செலவே இல்ல. ஒண்ணு, பக்கத்துல அடுப்புப் பொகை, நெருப்புப் பொறி வராத எடமா இருக்கணும். புல்லு இல்லாதவங்க ஜனவரியில தகரத்துக்கு சுண்ணாம்புல கொஞ்சம் கோந்து கலந்து வெள்ளையா பூசுங்க, கழுவிப் போனா மறுபடி பூசணும். உள்பக்கமா தகரத்துக்கு கீழ ஒரு அடி விட்டு உரச்சாக்க நல்லா கழுவிப் பிரிச்சு தைச்சுக் கட்டினாலும் தகரத்துச் சூடு நேரா கோழி முதுகுல எறங்காது. கழுவுறத விட்டுடாதீங்க, உரம் ஒட்டி இருந்தா கோழிக்கு விஷம்.

தண்ணி பத்தி நெறைய சொல்லணும், சூட்டு நாள்ல கோழிய காப்பாத்துறது தீனி இல்ல தண்ணி தான். சாதாரண நாள்ல கோழி தின்ன தீனியப் போல ரெண்டு மடங்கு தண்ணி குடிக்கும், சூட்டுல அது மூணு, நாலு மடங்கு வரைக்கும் போகும். 5 கெழம கோழி 300 இருந்தா சாதாரண நாளைக்கு ஒரு 100 லிட்டர்னு வைங்க, வெயில் நாள்ல 200 லிட்டர் பெரல் ஒண்ணு முழுசா தேவைப்படும். காலையில நெறச்சு வச்சிட்டுப் போன தண்ணிச் சட்டி 11 மணிக்கு காஞ்சு போயிருந்தா மிச்சம் எது செஞ்சும் பலன் இல்ல. 100 கோழிக்கு பெல் ட்ரிங்கர், அதாவது மணி மாதிரி தொங்குற தண்ணிச் சட்டி ஒண்ணு வச்சிருந்தா வெயில் மாசத்துல 70, 80க்கு ஒண்ணுன்னு கூட்டுங்க, சூட்டுல தளந்த கோழி தண்ணி தேடி தூரம் நடக்காது, சட்டிக்குப் பக்கத்துலேயே குவிஞ்சு ஒண்ண ஒண்ணு நசுக்கும்.

மலை ஊத்துல இருந்து வர்ற பீலித் தண்ணி சில்லுன்னு தானே இருக்குன்னு நெனப்போம். ஊத்துல சில்லுன்னு தான் இருக்கு, ஆனா அது நம்ம கூட்டுக்கு வர்றது வெயில்ல கெடக்குற கறுப்பு பைப்புல. ஒரு நாள் 1 மணிக்கு பைப்ப தெறந்து கைய வச்சுப் பாருங்க, மொதல்ல வர்ற தண்ணி கைய சுடும், ஒரு ரெண்டு நிமிஷம் ஓடினதுக்கப்புறம் தான் பச்சத் தண்ணி வரும். அந்த சுடுதண்ணிய தான் கோழி குடிக்காம நிக்கிது. 30 டிகிரிக்கு மேல போன தண்ணிய கோழி நல்லா குடிக்காது. பைப்ப அரை அடி ஆழத்துல மண்ணுக்குள்ள பொதைச்சிடுங்க, முடியாதவங்க புல்லு போட்டு மூடுங்க, டேங்க் கறுப்பு கலரா இருந்தா ஈரச்சாக்கு சுத்தி நெழல்ல வைங்க. 11 மணிக்கும் 2 மணிக்கும் சட்டியில இருக்குற பழைய தண்ணிய மரக்கறிப் பாத்திக்கு ஊத்திட்டு புதுசு ஊத்துங்க. அத்தை அந்த நேரத்துக்கு ஒரு வாளி ஊத்துத் தண்ணி கொண்டு வந்து ஊத்தினதும் கோழியெல்லாம் எந்திரிச்சு ஓடி வரும், அதுல இருந்தே தெரியும் முந்தி இருந்தது அதுங்களுக்குப் புடிக்கலன்னு.

சூடு வரப்போகுதுன்னு தெரிஞ்சா காலையில இருந்தே இலெக்ட்ரொலைட் பவுடர், விட்டமின் சி கலந்து குடுங்க, பாக்கெட்டுல எழுதிப் போட்டிருக்குற அளவுக்கு மேல ஒரு சிட்டிகை கூட போடாதீங்க. சாயங்காலம் சூடு எறங்கினதும் வெறும் தண்ணிக்கு மாத்திடுங்க, நாள் கணக்கா தொடர்ந்து குடுத்தா கழிச்சல் கூடி உமி நனையும். கடையில பவுடர் கெடைக்காத அவசரத்துக்கு வயித்தால போனா நாம கரைச்சு குடிக்கிற ஜீவனி உப்புப் பவுடர அதே அளவுல, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணின்னு கரைச்சு, தளந்து போன கோழிக்கு குடுத்திருக்கேன். அன்டிபயோட்டிக் மட்டும் யாரு சொன்னாலும் கலக்காதீங்க, சூடு நோய் இல்ல, அதுக்கு அந்த மருந்து ஒண்ணும் செய்யாது.

தீனி போடுற நேரத்த மாத்துறது தான் செலவே இல்லாத வைத்தியம். கோழி தின்ன தீனி செரிக்கும்போது ஒடம்புல சூடு கெளம்பும், தின்னு சில மணித்தியாலத்துல அது உச்சத்துக்கு வரும். 9, 10 மணிக்கு வயிறு முட்ட தின்ன கோழி 1 மணிக்கு உள்சூடும் வெளிச்சூடும் சேர்ந்து மாட்டிக்கும். அதனால வெள்ளன 4, 4.30க்கே லைட்ட போட்டு தீனி வைங்க, கொழுந்துக்குப் போறவங்களுக்கு எப்படியும் அந்த நேரத்துக்கு முழிப்பு தானே. 9.30, 10 மணிக்கு தீனிச் சட்டிய கயித்தால மேல தூக்கிடுங்க, திரும்ப 4.30, 5 மணிக்கு கூடு ஆறினதும் எறக்குங்க. எறக்கும்போது எல்லாச் சட்டியையும் ஒரே நேரத்துல எறக்கணும், ஒண்ணு ஒண்ணா எறக்கினா பசியில அத்தனையும் ஒரே சட்டியில விழுந்து கீறிக்கும், நசுங்கும். ராத்திரி நம்ம ஊருக் குளிர் இருக்கே, அது தாழ்நாட்டுல கோழி வளக்குறவங்களுக்கு கெடைக்காத வரம். அங்க ராத்திரியும் 26, 27, கோழி பகல்ல தின்னாதத ராத்திரியும் திங்காது. இங்க 6 மணிக்கு மேல லைட்ட போட்டு விட்டா பகல்ல விட்டத எல்லாம் தின்னு சேத்துக்கும், நான் இந்த நேரத்துக்கு மாத்தினதுல எடை கொறையவே இல்ல. ராத்திரி ஒரு 4 மணித்தியாலமாவது லைட்ட நிப்பாட்டி தூங்க விடுங்க.

தீனி ஏஜண்டுகிட்ட ஒண்ணு கேட்டுக்கணும், வளர்ற கோழிக்குப் போடுற குரோவர் தீனியில நைகார்பசின் சேத்திருக்கான்னு. ரத்தக் கழிச்சல் வராம இருக்கப் போடுற மருந்து அது, ஆனா அது ஒடம்புல இருக்கும்போது சூடு புடிச்சா கோழி சாகுறது கூடும். வெயில் மாசத்துல வேற மருந்து சேத்த தீனி கேட்டு வாங்குங்க.

நெருக்கம். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடின்னு எல்லாரும் சொல்லுவாங்க, குளிர் மாசத்துல சரி. மார்ச், ஏப்ரல்ல விக்கிற பெட்சுக்கு ஒண்ணே கால் சதுர அடி குடுங்க, 300 போடுற கூட்டுல 240 தான். சித்திரை வருஷத்துக்கு நல்ல வெலை வரும், அத நம்பித் தான் மார்ச் தொடக்கத்துல எல்லாரும் கூட நெறைய குஞ்சு எறக்குறோம், அப்ப கோழி 5 கெழம ஆகி கொழுத்து நிக்கிற நேரமும் வருஷத்துலயே சூடு கூடின நேரமும் ஒண்ணா வந்து நிக்கிது. 60 குஞ்சு கொறைச்சதுல நட்டம்னு வீட்டுல சண்ட வந்திச்சு, 47 பெரிய கோழி ஒவ்வொண்ணும் 3 கிலோவுக்கு மேல தீனி தின்னுட்டு செத்தத கணக்கு போட்டுக் காட்டினதும் யாரும் பேசல. ஏற்கனவே 300 போட்டாச்சுன்னா 28, 30 நாள்ல பெருசா இருக்குறத ஒரு 50, 60 வித்துடுங்க, மிச்சத்துக்கு எடம் கெடைக்கும்.

கீழ பரப்புற உமி, மரத்தூள் பத்தி சுருக்கமா சொல்றேன். குளிருக்குன்னு 4 அங்குலம் போடுறத வெயில் மாசத்துல 2 அங்குலமா கொறைங்க, கோழி வயிற தரையில வச்சு சூட்ட எறக்குறதுக்கு அது உதவும். நனைஞ்சு கட்டியானத உடனே அள்ளி எடுங்க, அது நொதிச்சு சூட்டையும் அமோனியாவையும் கெளப்பும். உள்ள போயி குந்தி ஒக்காந்து மொகத்த கோழி ஒசரத்துல வச்சு ஒரு நிமிஷம் இருந்து பாருங்க, கண்ணு எரிஞ்சா கோழிக்கு அது 24 மணித்தியாலமும் எரியுதுன்னு அர்த்தம்.

ஃபேன் வாங்குறவங்க கூரையில தொங்குற ஃபேன் வாங்காதீங்க, அது தகரத்துக்கு அடியில தேங்கின சூட்ட எடுத்து கோழி தலையில தள்ளும். நிக்கிற ஃபேன வாங்கி கோழி ஒசரத்துல, கூட்டோட நீளத்துக்கு காத்து ஓடுற மாதிரி ஒரு ஓரத்துல வைங்க. வயர எலி கடிக்காத மாதிரி, கோழி கொத்தாத மாதிரி பைப்புக்குள்ள விடணும். ஆனா ஃபேன மட்டும் நம்பி எதையும் கட்டாதீங்க, 2022 மார்ச் கடைசியில நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம கெடந்தது ஞாபகம் இருக்கும், ஃபேன நம்பி அடைச்சு கட்டின கூடு கரண்ட் போனா கொஞ்ச நேரத்துலயே அடுப்பு. கரண்ட் இல்லாமலே காத்து ஓடுற கூடு தான் மொதல்ல, ஃபேன் அதுக்கு மேல.

கச்சான் காலத்துக் காஞ்ச காத்துக்கு ஈரச்சாக்கு அருமையான வழி. காத்து வர்ற பக்கம் கோணிச்சாக்க இடைவெளி விட்டுத் தொங்கப் போட்டு, மேல ஒரு ஓட்டை போட்ட பைப்ப வச்சு சொட்டு சொட்டா தண்ணி விட்டா உள்ள வர்ற காத்து சில்லுன்னு வரும். பீலி மேல இருக்குறவங்களுக்கு மோட்டரும் வேண்டாம், சரிவுலேயே தண்ணி ஓடி வரும், கூரை முகட்டுலயும் இதே மாதிரி ஓட்டை பைப் போட்டு தகரத்த நனைக்கலாம். ரெண்டு விஷயம் கவனிங்க. மழை ஈரம் இருக்குற நாள்ல இத செய்யாதீங்க, மேல சொன்ன மாதிரி ஈரம் கூடினா கோழிக்கு மூச்சு வாங்கி பலன் இல்லாம போயிடும். இன்னொண்ணு, வரட்சி நேரத்துல பீலித் தண்ணி லயத்துல எல்லாருக்கும் பொதுவானது, குடிக்கிற தண்ணிக்கு வரிசையில நிக்கும்போது நாம கூரைக்கு ஊத்தினா அது சரியில்ல, அந்த நாள்ல மானாப்புல் தான் வழி.

எல்லாம் செஞ்சும் ஒரு நாள் மாட்டினா என்ன செய்யணும்னு இப்பவே மனசுல வச்சுக்கோங்க, அந்த நேரத்துல யோசிக்க முடியாது. கோழி செறக விரிச்சு வாயத் தெறந்து மூச்சு வாங்குறது மொத அறிகுறி, அப்பவே எல்லாப் பக்கமும் தெறந்து தீனியத் தூக்கிடணும். மூச்சு வாங்கிக்கிட்டு இருக்குற கோழி எந்திரிக்காம கழுத்த நீட்டி கண்ண பாதி மூடிக்கிட்டு கெடந்தா நேரம் கொஞ்சம் தான் இருக்கு. சத்தம் போடாம, ஓடாம, கூட்டுக்குள்ள மெதுவா கால தேச்சு நடந்து கோழிய எழுப்பி விடுங்க, ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டிக் கெடக்கும்போது நடுவுல மாட்டின சூடு அப்ப வெளிய போகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இப்படி நடங்க, கூட்டமா போயி அலற விட்டா பயத்துலேயே செத்துடும். பச்சத் தண்ணிய கையால தலையிலயும் தாடியிலயும் தெளிங்க, கீழ உமி நனையாம. விழுந்து கெடக்குறத தூக்கி, கழுத்து வரைக்கும் பச்சத் தண்ணி வாளியில ஒரு நிமிஷம் முக்கி எடுத்து வெளிய நெழல்ல காத்து வர்ற எடத்துல வைங்க, ஐஸ் தண்ணி வேணாம். அன்னைக்கு எனக்கு இது தெரியாமலே ஒரு 12 கோழிய பீலிக்கு தூக்கிட்டுப் போயி நனைச்சேன், அதுல 9 பொழச்சிச்சு.

செத்தத சாப்பிடவோ சும்மா குடுக்கவோ விக்கவோ கூடாது, ரத்தம் வடியாம செத்த கோழி, சூட்டுல வேகமா கெட்டுடும். ஊத்துக்கும் பீலிக்கும் மேல்பக்கமா பொதைக்காதீங்க, கீழ்பக்கமா தூரத்துல 3 அடி ஆழத்துல குழி வெட்டி சுண்ணாம்பு தூவி மூடுங்க, மேல நாய் தோண்டாம கல்லு வைங்க. கால நீட்டி செத்ததெல்லாம் சூடு தான்னு முடிவும் கட்டிடாதீங்க. மத்தியானம், சாயங்காலத்துல பெரிய கோழி மட்டும் செத்தா சூடு தான் காரணமா இருக்கும், காலையிலயும் சாகுது, சின்னதும் சாகுது, கழிச்சல் இருக்கு, மூச்சுல சத்தம் கேக்குதுன்னா அது வேற நோய், அன்னைக்கே மிருக வைத்தியர் ஒபிஸுக்கு செத்தது ஒண்ண கொண்டு போயி காட்டுங்க.

கடைசியா லொறி. இத யாருமே நெனைக்கிறதில்ல. நாம 1,000 மீட்டர் ஒசரத்துல குளிர்ல வளத்த கோழிய லொறியில ஏத்தி மொனராகலைக்கோ கொழும்புக்கோ எறக்கும்போது, ஒவ்வொரு வளைவுலயும் சூடு கூடிக்கிட்டே போகும், கூடைக்குள்ள நெருக்கமா வேற ஒக்காந்திருக்கும். நம்ம மலைக்கோழிக்கு அந்தச் சூடு புதுசு. புடிக்கிறத ராத்திரிக்கு வைங்க, லொறி விடியுறதுக்கு முன்னால போயிச் சேர்ற மாதிரி கெளம்பச் சொல்லுங்க. புடிக்கிறதுக்கு 8 மணித்தியாலம் முன்னால தீனிய எடுத்துடுங்க, தண்ணிய மட்டும் புடிக்கிற நிமிஷம் வரைக்கும் வைங்க. கூடைக்கு வழமையா போடுறத விட ரெண்டு கொறைச்சு போடச் சொல்லுங்க, வியாபாரி மொணங்கினாலும் விட்டுக் குடுக்காதீங்க, லொறிய படங்கு போட்டு மூடவும் விடாதீங்க, மழைன்னா மேல மட்டும். நடுவுல டீ குடிக்க நிப்பாட்டினா நெழல்ல, காத்து ஓடுற எடத்துல, கால் மணித்தியாலத்துக்கு மேல நிக்கக் கூடாதுன்னு ட்ரைவர் அண்ணன்கிட்ட கெளம்பும்போதே சொல்லி விடுங்க, நான் ஒவ்வொரு தரமும் சொல்லித் தான் விடுறேன்.